பிரான்சுவா சேவியர் தூர்த்

பிரான்சுவா சேவியர் தூர்த் (1747–1835) பாரிசில் பிறந்து, பாரிசிலேயே வாழ்ந்து மறைந்த வில் செய்யும் கைவினைஞர். வயலின், வயோலா, செல்லோ ஆகியவற்றை இன்று உலகெங்கும் வாசிக்கும் வில்லின் நீளம், வளைவு, தலையின் வடிவம், எடை நிற்கும் இடம் ஆகிய எல்லாம் 18ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் கையில்தான் நிலைபெற்றன. அவர் 1748இல் பிறந்ததாகச் சொல்வோரும் உண்டு. ஆனால் 1824இல் செய்த வில் ஒன்றுக்குள் அவர் வைத்த சீட்டு, அப்போது தமக்கு 77 வயது என்கிறது. அண்ணனும் இதே தொழிலில் இருந்ததால் இவரை ‘இளைய தூர்த்’ என்று அழைத்தார்கள்.

‘வில்லின் ஸ்டிராடிவாரி’ என்று இவரைப் புகழ்வது வழக்கம். இந்தப் புகழ்ச்சி இவருக்குப் போதாது. இத்தாலிய வயலின் வினைஞரான ஸ்டிராடிவாரி கையில் எடுத்தபோது வயலின் ஏற்கெனவே அவருக்கு முந்தைய அமாத்தி குடும்பத்தாரிடம் முழு வடிவம் பெற்றுவிட்டது. தூர்த் கையில் எடுத்தபோது வில்லுக்கு ஒரு நிலையான வடிவமே கிடையாது. ஊருக்கு ஒரு நீளம், வாசிப்பவருக்கு ஒரு வளைவு என்றிருந்ததை ஒரே அளவுக்குள் கொண்டுவந்தவர் அவர்.

குடும்பமும் கடிகாரப் பட்டறையும்

தந்தை நிக்கோலா பியர் தூர்த், அண்ணன் நிக்கோலா லெயோனார் தூர்த் இருவரும் வில் செய்தவர்கள். இளையவரை மட்டும் கடிகாரத் தொழிலுக்கு அனுப்பினார்கள். எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். அதில் போதிய வருமானத்துக்கு வழி தெரியாமல் குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி, பெல்ஜிய இசையறிஞர் ஃபெத்தி 1856இல் ஸ்டிராடிவாரியைப் பற்றி வெளியிட்ட நூலிலிருந்து வருவது. தூர்த்துக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது என்பதும் ஃபெத்தி தரும் செய்திதான்.

கடிகாரப் பட்டறையில் கழிந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. சிறு திருகு கடைவது, உலோகத்தை அரம் கொண்டு மயிரிழை அளவுக்குத் தேய்ப்பது, ஒரு பாகம் இன்னொன்றில் உரசாமல் நழுவ வைப்பது என வில்லின் அடிப்பகுதிக்கு வேண்டிய வேலைகள் எல்லாம் அங்கே படிந்த பழக்கங்கள். மர வேலையைத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. நல்ல மரத்தைப் பாழாக்க மனமின்றி, சர்க்கரை வந்து இறங்கிய பீப்பாய்களின் பலகையில் வில் செய்து பழகினார். அவற்றைச் சில காசுகளுக்கு விற்றார்.

முந்தைய வில்

பரோக் காலத்து வில் குட்டையானது. தண்டு நேராகவோ, வேட்டை வில்லைப் போல வெளிப்புறம் வளைந்தோ இருக்கும். தலை ஈட்டி முனைபோல மெலிந்திருக்கும். தந்தியை உரசும் குதிரை மயிர்ப்பட்டையும் ஒடுங்கியது. நுனியை நோக்கி இழுக்க இழுக்க ஒலி தானாகத் தேய்ந்துபோகும். அந்தக் காலத்து நடன இசைக்கு இதுவே பொருத்தம். அது குறையுள்ள கருவி அல்ல. வேறு இசைக்கு வேறு கருவி, அவ்வளவே.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் கச்சேரி அரங்குகள் பெரிதாயின. குரலைப்போல நீண்டு நிற்கும் ஒலியைக் கேட்போர் விரும்பினார்கள். தண்டை உட்புறமாக வளைக்கும் முயற்சி பல இடங்களில் தொடங்கியது. மான்ஹைம் நகரத்து வயலின் கலைஞர் வில்ஹெல்ம் கிராமரின் பெயரால் வழங்கும் இடைநிலை வில் அவற்றில் ஒன்று. லண்டனில் ஜான் டாட் ஏறக்குறைய இதே பாதையில் போய்க்கொண்டிருந்தார். தூர்த்தின் தந்தையும் அண்ணனும் இந்த மாற்றத்தில் பங்குகொண்டவர்கள். ஆகவே உள்வளைவு தூர்த் ஒருவரின் கண்டுபிடிப்பு என்று எழுதுவது சரியல்ல. சிதறிக் கிடந்த முயற்சிகளை ஒரு முடிந்த வடிவமாக்கியதுதான் அவருடைய சாதனை.

1782இல் இத்தாலிய வயலின் மேதை ஜொவான்னி பத்திஸ்தா வியோத்தி பாரிசுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய வாசிப்பு நகரத்தையே அசைத்தது. மயிர் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் பரந்து நிற்க வழி காணுமாறு தூர்த்திடம் கேட்டவர் அவரே என்கிறார் ஃபெத்தி. மயிரின் வாய்ப்பகுதியை அணைத்துப் பிடிக்கும் உலோகப் பட்டையும், மயிரின் அடிமுனை பொருந்திய அடிக்கட்டையின் கீழே நழுவி மூடும் சிப்பித் தகடும் அதற்குக் கிடைத்த விடைகள்.

மரம்

வில்லின் உயிர் தண்டில் இருக்கிறது. இரும்பு மரம் உட்படப் பல மரங்களில் அந்நாளில் வில் செய்தார்கள். தூர்த் தேடியது மூன்று குணங்கள் ஒன்றாய் அமைந்த மரம்: எடை மிகக் கூடாது, விறைப்பு வேண்டும், வளைத்து விட்டால் துள்ளித் திரும்பும் நரம்பு வேண்டும். இவை மூன்றும் பிரேசிலின் பெர்னாம்புகோ மரத்தில் இருந்தன.

இந்த மரம் ஐரோப்பாவுக்கு வந்தது இசைக்காக அல்ல, துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவதற்காக. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பதிமுகம், பதங்கம் என்று நாம் அறிந்த சப்பன் மரம் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இடைக்கால ஐரோப்பாவுக்குப் போய், ‘பிரசில்’ என்ற பெயரில் சாயக்காரர்களிடம் விலைபோனது. பிறகு தென் அமெரிக்கக் கரையில் அதே சிவப்பைத் தரும் மரத்தைக் கண்ட போர்ச்சுக்கீசியர் அதற்கும் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். மரத்தின் பெயரே நாட்டுக்கும் ஆயிற்று.

சாயத்துக்கு வெட்டிய கட்டைகள் கோணலும் முடிச்சுமாக வரும். குவியல் குவியலாகப் புரட்டினாலும் வில்லுக்கு ஏற்ற நேர்நார் உள்ள துண்டு சிலவே தேறும். பிரான்சும் இங்கிலாந்தும் கடலில் மோதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் மரத்தின் வரத்து குறைந்து விலை ஏறியது. அப்போதும் தூர்த் தரம் குறைந்த மரத்துக்கு இறங்கவில்லை.

தண்டை வளைவாகவே அறுத்தெடுப்பது எளிது. ஆனால் அப்படி அறுத்தால் நார்கள் குறுக்கே வெட்டுப்பட்டு வலுவிழக்கும். தூர்த் நார் போகும் போக்கில் நேராக அறுத்து, நெருப்பில் காட்டி வளைத்தார். உள்மரம் வரை சூடு சீராக ஏற வேண்டும். மேல்பரப்பு மட்டும் சூடேறினால் வளைவு சில மாதங்களில் தளர்ந்துவிடும். இன்றும் நல்ல வில் இப்படித்தான் பிறக்கிறது.

அளவுகள்

அவருடைய வயலின் வில்லின் நீளம் 74 முதல் 75 சென்டிமீட்டர். வாசிக்கும் மயிரின் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். அடிக்கட்டையிலிருந்து ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் தொலைவில் எடை சமநிலை கொள்ளும். தண்டு உள்நோக்கி வளைவதால் நடுவில் மயிரைத் தொட்டுவிடாதபடி தலையைக் கோடரிபோல உயர்த்தினார். தலை கனத்ததால் எடை நுனிப்பக்கம் சாய்ந்தது. அதை ஈடுகட்ட அடிக்கட்டையில் உலோகத்தைச் சேர்த்தார். அழகுக்குச் சேர்த்ததாகத் தோன்றும் வெள்ளியும் பொன்னும் அங்கே எடைக்கல்லாகவும் வேலை செய்கின்றன.

தண்டு நுனியை நோக்கி மெலியும் விதம்தான் வியப்பின் உச்சம். பாரிசின் புகழ்பெற்ற வயலின் வினைஞர் ழான் பத்திஸ்த் வியோம், தூர்த்தின் வில்களைப் பல இடங்களில் அளந்து பார்த்தார். 70 சென்டிமீட்டர் தண்டில் முதல் 11 சென்டிமீட்டர் 8.6 மில்லிமீட்டர் பருமனில் மாறாமல் இருக்கிறது. அதன்பின் 5.3 மில்லிமீட்டர் வரை மெலிகிறது. பருமன் 0.3 மில்லிமீட்டர் குறையும் புள்ளிகளைக் குறித்தபோது, அவற்றுக்கு இடையிலான தூரம் நுனியை நோக்கி ஓர் ஒழுங்கில் குறுகிக்கொண்டே போயிற்று. வியோம் அதை மடக்கைக் கணக்கின் வளைகோடாக வரைந்து காட்டினார். எழுத்தறியாத ஒருவர் விரலாலும் கண்ணாலும் கண்ட ஒழுங்கு அது.

மயிர் விஷயத்திலும் விட்டுக்கொடுக்காதவர். பிரான்சின் குதிரை வால் மயிர் நீண்டது, திடமானது என்று அதையே விரும்பினார். ஒவ்வொரு மயிராகப் பார்த்து, உருண்டு சீராக உள்ளதைப் பொறுக்கும் வேலையை அவருடைய மகள் செய்தார். நூல்களில் ஓரிரு வரியில் கடந்துபோகப்படும் அந்தப் பெண்ணின் உழைப்பும் தூர்த் என்ற பெயருக்குள் இருக்கிறது.

இசையில் விளைந்தது

புதிய வில்லில் அடியிலிருந்து நுனி வரை ஒரே பலத்தில் ஒலியை இழுக்க முடிந்தது. சுத்தியலால் தட்டியதுபோன்ற அழுத்தமான வீச்சு, தந்தியின் மேல் வில் துள்ளும் வீச்சு, திடீரென எழும் உரத்த ஒலி எல்லாம் கைக்கு வசமாயின. 1795இல் தொடங்கிய பாரிஸ் இசைக்கல்லூரியின் ஆசிரியர்களான பையோ, ரோத், குரொய்ட்ஸர் மூவரும் சேர்ந்து எழுதிய வயலின் பாடநூல் 1803இல் வந்தது. அந்தப் பிரெஞ்சு மரபோடு வில்லும் ஐரோப்பா எங்கும் பரவியது. கர்நாடக இசையில் ஒரே வீச்சில் பல கமகங்களைக் கோர்த்து இழுக்கும் நம் வித்துவான்களின் கையில் இருப்பதும் இதே வடிவ வில்தான்.

விலையும் வாழ்வும்

ஆமையோட்டு அடிக்கட்டை, சிப்பிப் பதிப்பு, பொன் பூண் கொண்ட வில்லுக்கு 12 லூயி பொற்காசு வாங்கினார். கருங்காலி அடிக்கட்டையும் வெள்ளிப் பூணும் உள்ளதற்கு மூன்றரை லூயி. அலங்காரமற்றது 36 பிராங்கு. சிறு குறை கண்ணில் பட்டாலும் வில்லை உடைத்துப் போட்டார்.

சேன் நதிக்கரையில் கே தெ லெகோல் வீதி 10ஆம் எண் கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருந்தார். விடிந்ததிலிருந்து வேலை. மாலையில் நதியில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பார். அதுவே அவருடைய ஒரே பொழுதுபோக்கு. ஏறக்குறைய 85 வயது வரை வில் செய்தார். கண் மங்கிய பிறகே கருவிகளைக் கீழே வைத்தார். 1835 ஏப்ரலில் காலமானார்.

பின்வந்தோர்

பிரெஞ்சு மொழியில் வில் செய்பவருக்கு ‘ஆர்ஷெத்தியே’ என்று தனிப்பெயரே உண்டு. வயலின் செய்பவர் வேறு, வில் செய்பவர் வேறு. வோஜ் மாவட்டத்தின் மிரெகூர் ஊரில் பிறந்து பாரிசில் வியோமின் பட்டறைக்கு வந்த டொமினிக் பெக்காத் (1810–1874), மெலிந்த இலகுவான தண்டு செய்த வுவாரேன் (1833–1885), 20ஆம் நூற்றாண்டின் சார்த்தோரி (1871–1946) என அந்த வரிசை நீள்கிறது. அடிக்கட்டையில் சிற்சில மாற்றம் செய்தார்களே தவிர, தூர்த்தின் அடிப்படை அளவை யாரும் மாற்றவில்லை.

மாறியது காடு. பிரேசிலின் அட்லாண்டிக் கரைக் காடு சாயத்துக்கும் விவசாயத்துக்கும் அழிந்துபோக, பெர்னாம்புகோ மரம் அருகிவிட்டது. 2007 முதல் அதன் வணிகம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின்கீழ் இருக்கிறது. வில் வினைஞர்களே சேர்ந்து நிதி திரட்டிக் கன்றுகள் நடுகிறார்கள். கார்பன் இழையிலும் இன்று வில் வருகிறது. அதன் அளவும் தூர்த்தின் அளவே.

தூர்த்தின் அசல் வில் ஒன்று 2017இல் பிரான்சின் விஷி நகர ஏலத்தில் 5 லட்சம் யூரோவைத் தாண்டி விலைபோனது. இதனால் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அண்ணன் தம் வில்களில் முத்திரை இட்டதுண்டு. இளையவர் இடுவதில்லை. அவர் வைத்த சீட்டுகளும் மிகச் சிலவே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஜெர்மானியப் பட்டறைகள் ‘தூர்த்’ என்று முத்திரை குத்திய மலிவு வில்களை ஆயிரக்கணக்கில் உலகெங்கும் அனுப்பின. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய வயலின் பெட்டியில் அந்தப் பெயர் பொறித்த வில் இருந்தால், பெயரை நம்பி விலை பேச வேண்டாம். தேர்ந்த வினைஞர் ஒருவரிடம் தண்டையும் தலையையும் காட்டுங்கள்.