பிளக் மாற்றும் காலம்

மோட்டார்க் காரின் உறுப்புக்களுள் விரலளவே நீளமுள்ளது ஸ்பார்க் பிளக். பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவையை எஞ்சின் அமுக்கும் வேளையில், பல்லாயிரம் வோல்ற் மின்சாரத்தை ஒரு நுண்ணிய இடைவெளியிற் பாயச்செய்து தீமூட்டுவது அதன் தொழில். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு பிளக்கும் 1,500 முறை பொறி விடுதல் வேண்டும். ஒவ்வொரு பொறியும் உலோக முனையைச் சிறிதே அரித்துவிடுகின்றது. எனவே பிளக்குக்கும் ஓர் ஆயுள் உண்டு. அது எவ்வளவு என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலமும் வேறுவேறு விடை கூறி வந்துள்ளது. அவ்விடைகள் மாறிய கதையைக் கொழும்பு மாநகரத்துக் கார்களைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

பிரான்சில் வாழ்ந்த லெனுவார் என்பவர் 1860 ஆம் ஆண்டில் அமைத்த வாயு எஞ்சினிலேயே மின்பொறி பயன்பட்டது. எனினும், ஜெர்மனியில் ரொபேட் பொஷ் நிறுவனத்தின் பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட் உயர் அழுத்த மின்னாக்கியையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கிய 1902 ஆம் ஆண்டின் பின்னரே, காருக்கு நம்பத்தக்க தீமூட்டி கிடைத்தது எனலாம். இலங்கையும் பின்தங்கி நிற்கவில்லை. இங்கு 1904 ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டி உரிமையாளருக்கென ஒரு சங்கம் தோன்றிவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற சிறு கார்கள் நடுத்தரக் குடும்பங்களின் வண்டிகளாயின. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் தெருக்களிலும் அவை நெடுங்காலம் ஓடின. அவற்றின் பிளக் முனைகள் நிக்கல் கலப்பு உலோகத்தால் ஆனவை. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கழற்றித் துலக்கி, இடைவெளியைச் சரிசெய்து, ஏறக்குறைய 10,000 முதல் 12,000 மைலில் புதியன பூட்டுவதே அக்கால முறை. 1956 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 காருக்கு அவ்விடைவெளி 0.025 அங்குலம் ஆகும்.

1960 களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. புதிய கார் அரிதாயிற்று, உதிரிப்பாகமும் அரிதாயிற்று. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில், இருந்ததைக் காப்பதே வழியாயிற்று. உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தையில் தேடியெடுத்தும், கம்பித் தூரிகையால் கரியை உரசியும், முனையை மெல்லத் தட்டி இடைவெளியைக் குறைத்தும் பிளக்கின் ஆயுளை நீட்டினர். நிக்கல் முனை அந்த உரசலைத் தாங்கியது. ஆகவே அது அக்காலத்துக்கு ஏற்ற சிக்கனமே.

பிளக்கின் ஆயுளை நிர்ணயிப்பது உலோகம் மட்டுமன்று, எரிபொருளும் ஆகும். எஞ்சின் முட்டாதிருக்கப் பெற்றோலிற் கலந்த ஈயம் பிளக்கின் வெண்பீங்கானிற் படிந்து பொறியைக் கெடுத்தது. இதனினும் கடுமையான சோதனை வடபுலத்தில் நேர்ந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல் கிட்டாத யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய் அதற்கு இசைந்தது. எளிதில் ஆவியாகாத அவ்வெண்ணெய் கரியைப் பெருக்கிற்று. அங்கே பிளக்கைக் கழற்றித் துடைப்பது அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாயிற்று.

2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் நிறுத்தப்பட்டது. உலோகமும் மாறியது. நிக்கல் ஏறத்தாழ 1,455 பாகை செல்சியசில் உருகும்; இரிடியமோ 2,400 பாகைக்கு மேலேதான் உருகும். ஆதலால் இரிடியம் முனையை மிக மெல்லியதாக, 0.4 மில்லிமீற்றர் அளவிலும் அமைக்க முடிகின்றது. நீடித்த ஆயுளுக்கென அமைந்த பிளாட்டினம், இரிடியம் பிளக்குகள் 100,000 கிலோமீற்றர் வரை உழைக்கும். சாதாரண நிக்கல் பிளக்குக்கு ஜப்பானியர் குறிப்பது 15,000 முதல் 20,000 கிலோமீற்றர் ஆகும்.

எனினும் 100,000 என்ற எண்ணை எல்லாக் காருக்கும் பொருத்துதல் தவறு. இன்று கொழும்பில் மிகுதியாகக் காணப்படும், ஜப்பானிலிருந்து வந்த 660 கன சென்ரிமீற்றர் சிறு கார்களின் எஞ்சின் அதே தூரத்தை ஓட மிகுந்த வேகத்திற் சுழல்கின்றது. அதனால் பெரிய கார்களுக்குச் சொல்லும் தூரத்தின் பாதியளவே அவற்றுக்குப் பொருந்தும். பயன்படுத்திய காரை வாங்குவோர் மீற்றரில் உள்ள எண்ணை மட்டும் நம்பியிராமல், பிளக்கைக் கழற்றிப் பார்ப்பித்தல் நன்று. காலி வீதியின் நெரிசலில் ஊர்ந்து குறுந்தூரமே ஓடும் காரிற் பிளக் போதிய சூடு பெறாது கரிபடியும். ஏறத்தாழ 500 பாகைச் சூட்டிலேயே அது தன்னைத் தானே துப்புரவாக்கிக்கொள்ளும்.

பழைய பழக்கம் தீங்காவது இங்கேதான். கம்பித் தூரிகையும் தட்டிச் சரிசெய்தலும் மெல்லிய இரிடிய முனையை ஊறுபடுத்தும். பொருளாதார நெருக்கடி மிக்க 2022 இல், வாராந்த அளவிற்கே எரிபொருள் கிடைத்த நாள்களில், மாற்றுச் செலவை ஒத்திப்போட்ட குடும்பங்களைக் குறைகூற இயலாது. 2020 முதல் 2025 இன் தொடக்கம் வரை நீடித்த கார் இறக்குமதித் தடையும் பழைய வண்டியையே பேணச் செய்தது. ஆயின் தேய்ந்த பிளக்கில் இடைவெளி விரியும், பொறி தவறும், எரியாத பெற்றோல் புகைக்குழாயின் வழியே வீணாகும். அது அங்குள்ள வினையூக்கி மாற்றியைக் கெடுத்துவிட்டால், பிளக்கின் விலையைப் போலப் பன்மடங்கு செலவு நேரும்.

அன்றைய குடும்பம் தூரிகையால் மிச்சம்பிடித்தது. இன்றைய குடும்பம் கணக்கால் மிச்சம்பிடித்தல் வேண்டும். காருடன் வந்த கைந்நூல் கூறும் பிளக்கையும் தூரத்தையும் அறிந்து, மாற்றிய நாளையும் மீற்றர் எண்ணையும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்தால் அதுவே போதும். தூரம் நிறையுமுன்னரே காலையில் எஞ்சின் எழத் தயங்கினாலோ, நிற்கையில் நடுங்கினாலோ, பெற்றோல் வழமையை விட மிகுதியாகச் செலவானாலோ, பிளக்கைப் பரிசோதிக்கும் வேளை வந்துவிட்டது எனக் கொள்ளலாம். மாற்றுங்கால் எஞ்சின் ஆறியபின், எல்லாப் பிளக்குகளையும் ஒருங்கே மாற்றுவதே முறையாகும்.