மாதிரி விமானமும் சார்ஜரும்

மாதிரி விமானங்களில் பேட்டரி மாறியபோதெல்லாம் சார்ஜரும் மாறியது. 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின், ரேடியோவால் இயங்கும் தமது விமானத்தை மின்மோட்டார் கொண்டு பறக்கவிட்டார். அதில் இருந்தது வெள்ளி-துத்தநாக பேட்டரி.

அடுத்து நிக்கல்-காட்மியம் பரவியது. அது நிறைந்ததும் வோல்டேஜ் சற்றே இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டு தானே நிற்கும் சார்ஜர்கள் வந்தன.

2000-களில் லித்தியம் பாலிமர் பரவியது. இதில் அந்த இறக்கம் கிடையாது. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டவே கூடாது. பழைய சார்ஜரில் போட்டால் அது நிறுத்தாமல் ஏற்றும். பேட்டரி உப்பித் தீப்பற்றலாம். பல செல்கள் சேர்ந்த பேட்டரிக்கு ஒவ்வொரு செல்லையும் தனியே கவனிக்கும் பேலன்ஸ் சார்ஜர் வேண்டும்.

ஆகவே சார்ஜர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, பேட்டரியின் வகையைத்தான்.