நாய்க்கும் மனசு உண்டு: மாத்திரை வந்த கதை

நாய்க்கு மனநோய் மாத்திரையா என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் இந்தக் கதை ஏறக்குறைய நூறு வருடப் பழசு!

மணியோசைக்கு நாய்களின் எச்சிலை ஊற வைத்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவை எல்லோருக்கும் தெரியும். 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரை வெள்ளம் சூழ்ந்தது. அவருடைய ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுக்குள்ளேயே தண்ணீரில் தத்தளித்தன. காப்பாற்றப்பட்ட பிறகு சில நாய்கள் கற்றதையெல்லாம் மறந்திருந்தன. பயம் நாயின் மனதையே குலைத்துவிடும் என்பது அப்போது தெளிவானது. இப்படி மனம் தடுமாறிய நாய்களுக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் புரோமைடு கொடுத்துப் பார்த்தார்கள்.

பின்னாளில் அசெப்ரோமசின் என்ற மருந்து வந்தது. இடி, பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்களுக்குப் பல வருடங்கள் இதைத்தான் கொடுத்தார்கள். நாய் அசையாமல் படுத்துக்கொள்ளும். வளர்ப்பவருக்கும் நிம்மதி. ஆனால் உடல் தளர்ந்ததே தவிர பயம் போகவில்லை. ஓடி ஒளியக்கூட முடியாமல் பயந்துகொண்டு கிடப்பது எவ்வளவு கொடுமை!

1992-ல் ஒரு திருப்பம். சில நாய்கள் தங்கள் காலைப் புண்ணாகும் வரை நக்கிக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்பக் கை கழுவும் மனிதர்களுக்குத் தரப்படும் குளோமிப்ரமின், ஃப்ளூவாக்செட்டின் மருந்துகளை அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ராபபோர்ட்டின் குழு அந்த நாய்களுக்குக் கொடுத்தது. நக்குவது குறைந்தது.

தனியாக விட்டுச் சென்றால் பதறும் நாய்களுக்காக 1998-ல் 'குளோமிகாம்' (குளோமிப்ரமின்), 2007-ல் 'ரீகன்சைல்' (ஃப்ளூவாக்செட்டின்) ஆகியவை அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சத்தத்துக்குப் பயப்படும் நாய்களுக்காக 2015-ல் 'சிலியோ' என்ற ஜெல் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. முதல் இரண்டு மருந்துகளையும் பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அனுமதியிலேயே உள்ளது. காரணம் எளிது. பதற்றத்தில் இருக்கும் நாயால் எதையும் கற்க முடியாது. மருந்து பதற்றத்தைக் குறைக்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனிமைக்குப் பழக்குவது பயிற்சியின் வேலை.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஒரே வாரத்தில் 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்துவதும், வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையைத் தாமாகவே கொடுப்பதும் தவறு. அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆளில்லாத வீட்டில் கதவைப் பிறாண்டும் நாய் திமிர் பிடித்தது அல்ல, பயந்துபோனது. இது புரியாமல் அடிபட்ட நாய்களும், தெருவில் விடப்பட்ட நாய்களும் ஏராளம். அடுத்த முறை அப்படி ஒரு நாயைப் பார்த்தால், கம்பை எடுக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.