ஊனமும் ஆதித் திருச்சபையும்

பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவஞ் செய்தவன் இவனோ, இவனைப் பெற்றவர்களோ என்று இயேசுவிடம் வினவியதாக யோவான் சுவிசேஷம் கூறுகின்றது. இரு சாராருமல்லர் என்பதே அவர் விடை. ஆயினும் அதே நூலில், நோய் நீங்கப்பெற்ற வேறொருவனுக்கு, இனிப் பாவஞ் செய்தால் இதனினுங் கேடு விளையும் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஆதித் திருச்சபை இவ்விரண்டையுமே சுமந்து நடந்தது.

உருக்குலைந்து பிறந்த சிசுவைக் கொன்றுவிட விதித்த உரோமச் சட்டத்தோடு ஒப்பிடின், சிசுக்கொலையைத் தடுத்த கிறிஸ்தவரின் பெருமையை மறுப்பதற்கில்லை. கப்பதோக்கியாவிலே பசிலியார், 369 ஆம் ஆண்டளவிற் பரவிய பஞ்சத்தின்போது, தானியம் பதுக்கியோரைக் கடிந்துரைத்தார். பின்னர் செசரியா நகர்ப்புறத்தே நோயாளருக்கும் ஏழைகட்கும் பேரில்லம் அமைத்தார். வைத்தியரும் தாதியரும் அங்கிருந்தனர். எனினும் அக்காலப் பிரசங்கங்களைப் படிக்கும்போது நமக்கொரு நெருடல் தோன்றுகின்றது. ஈவோனின் பாவம் தீர்வதற்கு வாய்த்த வழியாகவே ஏந்துவோன் அவற்றில் நிற்கின்றான். அவனுக்கு வேலை செய்யவும் கற்கவும் உரிமை உண்டா என்ற கேள்வி அங்கு அரிதாகவே எழுகின்றது.

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுக்கப்பட்ட அப்போஸ்தலர் விதிகள் இன்னுந் தெளிவானவை. ஒற்றைக் கண்ணனும் முடவனும் தகுதியிருப்பின் ஆயராகலாம். உடற்குறை ஒருவனை மாசுபடுத்தாது. செவிடனும் குருடனும் ஆகலாகாது. மாசு கருதியன்று, சபைக் காரியங்கள் தடைப்படும் என்பதற்காக! பழைய தீட்டுப் போயிற்று. நிருவாக வசதி அதன் ஆசனத்தில் அமர்ந்துகொண்டது.

காரியம் உண்மையில் தடைப்பட்டதா? அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் திருமறைப் பள்ளிக்குத் தலைமை தாங்கிய திதிமுஸ், நான்கு வயதளவிலே பார்வையிழந்தவர். மரத்திற் செதுக்கிய எழுத்துக்களை விரலால் தடவி அவர் அரிச்சுவடி கற்றார் என்பர். பிறர் வாசிக்கக் கேட்டு மனத்திலிருத்தினார். ஜெரோம், ரூபினுஸ் போன்ற அறிஞர் அவரிடம் பாடங் கேட்டனர். துறவி அந்தோனியார் ஒருமுறை, கண்ணிழந்ததற்கு வருந்துகின்றீரா என வினவ, நாணத்தால் முதலில் வாய் திறவாத திதிமுஸ், மூன்றாம் முறை கேட்டபோது ஆமென்று ஒப்புக்கொண்டாராம். எறும்புக்கும் ஈக்கும் உள்ள கண் போனாலென்ன, அப்போஸ்தலருக்குரிய கண் உமக்குண்டே என்று துறவி தேற்றினார். ஆறுதல் அழகானதே. ஆனால் அவரை ஆசிரிய பீடத்தில் இருத்தியவை அந்த மர எழுத்துக்களும், வாசித்துக் காட்டிய தோழரின் உழைப்புமே என்று நாம் கருதுகின்றோம்.

அவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டின் பின், ஒரிஜனின் கருத்துக்களைத் தழுவியவரென்று திதிமுஸின் பெயரும் கண்டனத்துக்குள்ளாயிற்று. நூல்கள் பெரும்பாலும் அழிந்தன. 1941 இல், கெய்ரோவுக்கு அண்மையிலுள்ள தூராவில், வெடிமருந்துக் கிடங்குக்காகக் குகையொன்றைத் துப்புரவு செய்த தொழிலாளர் பப்பைரசு ஏடுகள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். அவற்றுள் திதிமுஸின் விரிவுரைகள் இருந்தன; மாணவர் இடைமறித்துக் கேட்ட கேள்விகளும் அவர் அளித்த விடைகளும் அவற்றிற் பதிவாகியுள்ளன.