மேட்ச் பிக்சிங்கும் லாட்டரி நிறுவனங்களும்

தமிழ்நாட்டில் லாட்டரி என்றால் எண் அச்சடித்த சீட்டு. 2003இல் அதுவும் தடையாகிவிட்டது. ஐரோப்பாவில் அந்தச் சொல்லுக்கு அகலம் அதிகம். அங்கே பல நாடுகளில் எண் குலுக்கல் நடத்தும் அரசு நிறுவனமே கால்பந்து முடிவுகள் மீதும் பணம் கட்டச் சீட்டு விற்கிறது. ஸ்வீடனில் இது 1934இலும் ஃபின்லாந்தில் 1940இலும் தொடங்கியது. கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கு விளையாட்டுக்குப் போகும். ஆகவே பேசிவைத்து ஆடும் ஆட்டம் விளையாட்டுச் சங்கத்துக்கு மானக்கேடு என்றால், லாட்டரி நிறுவனத்துக்குக் கல்லாவில் விழும் ஓட்டை. இன்று இரு தரப்பும் சேர்ந்து மோசடியைக் கண்காணிக்கின்றன. ஆரம்பத்தில் இருந்தது பகைதான்.

இங்கிலாந்தில் ‘பூல்ஸ்’ எனப்படும் கால்பந்துப் பந்தயச் சீட்டு தனியார் தொழில். 1923இல் லிவர்பூலில் தொடங்கிய லிட்டில்வுட்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு வாராவாரம் சீட்டு அச்சடிக்க ஆட்ட அட்டவணை தேவை. சூதாட்ட வாடை தன்மேல் படக்கூடாதென்று ஃபுட்பால் லீக் 1936 பிப்ரவரி கடைசியில் அட்டவணையையே மறைத்தது. சனிக்கிழமை யாரோடு ஆட்டம் என்பது கிளப்புகளுக்கே கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. ரசிகர்களுக்கும் தெரியாமல் போனதில் கூட்டம் குறைந்தது, பூல்ஸ்காரர்கள் அசரவில்லை. இரண்டே வாரத்தில் லீக் இறங்கிவந்தது. பிறகு 1959இல், அட்டவணை தன் பதிப்புரிமை என்று நீதிமன்றத்தில் வென்று, பூல்ஸ் நிறுவனங்களிடம் அதற்குக் காசு வாங்கத் தொடங்கியது. கொள்கைச் சண்டை கடைசியில் குத்தகை ஒப்பந்தமாக முடிந்தது.

ஐரோப்பியக் கண்டத்தில் உறவு இன்னும் நெருக்கம். கோடையில் லீக் ஆட்டங்கள் கிடையாது, அங்கே ‘டோட்டோ’ எனப்படும் கால்பந்துப் பந்தயச் சீட்டில் கட்டங்கள் காலி. அந்தக் காலியிடத்தை நிரப்பவே 1961இல் இன்டர்டோட்டோ கோப்பை உருவானது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் தோம்மெனும் பயிற்சியாளர் கார்ல் ரப்பானும் முக்கியமானவர்கள். பந்தயத்துக்காகப் பிறந்த போட்டி என்பதால் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா வெகுகாலம் அதைத் தொடவில்லை. 1995இல்தான் தன்வசம் எடுத்தது.

பழைய டோட்டோ முறைக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு இருந்தது. 1946இல் தொடங்கிய இத்தாலியின் டோட்டோகால்ச்சோவில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 1, எக்ஸ், 2 என மூன்று குறிகள். உள்ளூர் அணி வெற்றி, சமன், வெளியூர் அணி வெற்றி. பின்னாளில் நிலைத்த வடிவில் பதின்மூன்று ஆட்டங்களையும் சரியாகச் சொல்ல வேண்டும். ஒன்றின் முடிவை விலைக்கு வாங்கினாலும் மற்ற பன்னிரண்டுக்கு யாரிடம் போவது? வென்றவர்களும் ஒரே தொகையைத்தான் பங்குபோட வேண்டும். மோசடிக்கு வழி திறந்தது, ‘இந்த ஆட்டத்துக்கு ஒன்றுக்கு இத்தனை’ என்று முன்கூட்டியே பேசும் நிலை விகிதப் பந்தயம். 1962 டிசம்பரில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயின் மூன்று வீரர்கள் தங்கள் அணி தோற்கும் என்று பணம் கட்டியதும் இந்த வகையில்தான். 1965இல் மூவரும் சிறை சென்றார்கள்.

இத்தாலியில் இதே பந்தயம் சட்டத்துக்கு வெளியே நடந்தது. அரசின் டோட்டோவுக்கு எதிர்ப்பதமாக அதற்கு ‘டோட்டோநேரோ’, கறுப்பு டோட்டோ என்று பெயர். ரோமில் ஒரு பழ வியாபாரியும் ஓர் உணவக முதலாளியும் வீரர்களின் வாக்கை நம்பிப் பெருந்தொகை கட்டினார்கள். சொன்னபடி முடிவு வரவில்லை. ஏமாற்றப்பட்டதாக அவர்களே 1980இல் புகார் கொடுத்தார்கள்! மிலானும் லாட்சியோவும் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டன. சிக்கிய வீரர்களில் ஒருவரான பாவ்லோ ரோஸி இரண்டாண்டு தடையை முடித்துவந்து 1982 உலகக் கோப்பையை வென்றார். குற்றவியல் நீதிமன்றத்திலோ எல்லோரும் விடுதலை. விளையாட்டு மோசடி என்றொரு குற்றமே அப்போது சட்டத்தில் இல்லை. அது 1989இல்தான் சேர்ந்தது.

லாட்டரிகளையும் சங்கங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனி. 2004 ஆகஸ்ட் 21 அன்று ஜெர்மன் கோப்பையில் சிறிய அணியான பாடர்போர்ன், 0–2 என்று பின்தங்கியும் ஹம்பர்கை 4–2 என்று வென்றது. நடுவர் ராபர்ட் ஹாய்சர் சந்தேகத்துக்குரிய இரண்டு பெனால்டிகள் கொடுத்து, ஹம்பர்கின் எமில் எம்பென்சாவை வெளியேற்றினார். பெர்லினின் கஃபே கிங்கில் அமர்ந்திருந்த பந்தயக்காரர் ஆன்டே சபினாவின் கூட்டம், அரசு லாட்டரிகளின் பந்தயமான ‘ஒட்செட்’டில் பணம் கட்டியிருந்தது. கட்டிய பணம் வழக்கத்தை மீறியது என்ற தகவல் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்துக்குப் போயும் விஷயம் கிடப்பில் கிடந்தது. 2005 ஜனவரியில் நான்கு சக நடுவர்கள் வாய்திறந்த பிறகே விசாரணை சூடுபிடித்தது. ஹாய்சருக்கு இரண்டு ஆண்டு ஐந்து மாதச் சிறை. கைமாறியது 67,000 யூரோவும் ஒரு பிளாஸ்மா டிவியும்.

அடுத்துவந்த ஆண்டுகளில் ஐரோப்பிய லாட்டரிகள் கூட்டுக் கண்காணிப்பு ஒன்றைத் தொடங்கின. அது 2015இல் உலக அளவில் விரிந்து ஜிஎல்எம்எஸ் என்ற அமைப்பானது, இப்போது அதன் பெயர் யூலிஸ். கோபன்ஹேகன், ஹாங்காங், மான்ட்ரியல் என்று மூன்று ஊர்களில் மையம் வைத்தார்கள். ஓரிடத்தில் இருட்டினால் இன்னோரிடம் விழித்திருக்கும். விகிதம் காரணமில்லாமல் சரிகிறதா, யாரும் கவனிக்காத மூன்றாம் நிலை ஆட்டத்தில் உச்சவரம்புப் பணம் விழுகிறதா, ஒரே ஆட்டத்துக்கான சீட்டுகள் பல கடைகளில் சிறுசிறு தொகையாகப் பிரிந்து வருகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒரு லாட்டரி சந்தேகப்பட்டால் மற்றவற்றிடம் ‘உங்கள் கடையிலும் இப்படியா?’ என்று கேட்கும். பதில்கள் ஒத்துப்போனால் சங்கத்துக்கு அறிக்கை போகும். அடிபட்ட வீரர் விளையாடவில்லை என்ற சாதாரணச் செய்தியும் விகிதத்தைச் சாய்க்கும் என்பதால், எச்சரிக்கை என்பது சாட்சியம் ஆகாது. யூஃபாவும் 2009இல் தனக்கென்று ஒரு கண்காணிப்பை அமைத்தது. ஆனால் பெரும்பணம் ஏற்கெனவே லாட்டரிகளின் கண்ணுக்கு எட்டாத ஆசியச் சந்தைக்கு நகர்ந்திருந்தது. ஃபின்லாந்தின் ரொவானியெமி கிளப் வீரர்களை விலைக்கு வாங்கிய சிங்கப்பூர்த் தமிழர் வில்சன் ராஜ் பெருமாளும் 2011இல் விகிதக் கணக்கில் சிக்கவில்லை. அவருடைய பாஸ்போர்ட் போலி என்று சக சிங்கப்பூர்க்காரர் ஒருவர் காவல் நிலையத்தில் சொல்லித்தான் மாட்டினார்.

2014 செப்டம்பர் 18 அன்று சுவிட்சர்லாந்தின் மக்கோலினில் ஐரோப்பிய கவுன்சில் ஓர் உடன்படிக்கையைக் கையொப்பத்துக்கு வைத்தது. சங்கம், பந்தய நிறுவனம், காவல்துறை மூன்றும் நாட்டுக்கொரு மேடையில் தகவல் பரிமாற வேண்டும் என்பது அதன் மையம். 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அரசு ஏகபோக லாட்டரி கொண்ட நார்வே முதலில் உறுதிசெய்தது. ‘சட்டவிரோதப் பந்தயம்’ என்பதற்கான விளக்கம் அரசு ஏகபோகங்களுக்கே சாதகம் என்று, இணையப் பந்தய நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் மால்டா எதிர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதில் சேர்வது அந்த ஒரு சொல்லில் முடங்கியது.