'பிழைத் திருத்தங்கள்': ஒரு சின்னப் பிரதியின் வரலாறு

கைபேசியில் செயலி ஒன்று புதுப்பிக்கப்படும்போது கூடவே ஒரு குறிப்பு வருகிறது: 'பிழைத் திருத்தங்கள், செயல்திறன் மேம்பாடுகள்.' அவ்வளவுதான். இலக்கணப்படி இது வாக்கியமே இல்லை. எழுவாய் கிடையாது, பயனிலை கிடையாது. என்ன பிழை, யார் செய்தது, யாருக்கு மேம்பாடு என்றெல்லாம் கேட்க இடம் வைக்காத இரண்டு பெயர்த்தொடர்கள். இந்த மௌனம் தானாக வந்ததல்ல. மென்பொருளைப் பயன்படுத்துகிற ஆளை யாராகப் பார்ப்பது என்ற கேள்வியோடு சேர்ந்தே அதன் வரலாறும் நடந்திருக்கிறது.

1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது அதன் அடிப்படை. இத்திட்டத்தின் நிரல் எழுதும் விதிகள் இரண்டு வகைப் பதிவுகளைக் கேட்கின்றன. ஒன்று 'சேஞ்ச்லாக்': எந்தத் தேதியில், யார், எந்தக் கோப்பில் எதை மாற்றினார் என்ற கணக்கு. இன்னொன்று 'நியூஸ்': பயன்படுத்துகிறவர் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களின் பட்டியல். புதிய செய்தியை மேலே சேர், பழையதைத் தூக்கி எறியாதே என்கிறது விதி. எந்தப் பழைய பதிப்பிலிருந்து வருகிறவருக்கும் இடையில் நடந்தது தெரியணும் என்பது காரணம். ஆக்கியோன், கேட்போர், பயன் எல்லாம் சொல்வதுதான் பாயிரம் என்று நன்னூல் வகுத்ததைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இங்கே திருத்தியவருக்குப் பெயர் இருக்கிறது; படிப்பவர் நாளைக்கே திருத்துபவராக மாறவும் வழி இருக்கிறது.

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிக்கொண்டிருந்த இயங்குதளம் பற்றி ஒரு செய்திக்குழுவில் அறிவித்தார். மினிக்ஸில் எது பிடிக்குது, எது பிடிக்கலை என்று மற்றவர்களைக் கேட்டுத்தான் தொடங்கினார். 1992 ஜனவரியில் வந்த லினக்ஸ் 0.12 பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பு இன்னும் முக்கியமானது. காசுக்கு விநியோகிக்கக் கூடாது என்றிருந்த உரிமத்தை க்னூ உரிமமாக மாற்ற அது முன்மொழிந்தது. நிரல் எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஆட்சேபம் இருந்தால் எழுதலாம், இல்லையென்றால் பிப்ரவரி 1 முதல் நடைமுறை என்றது. புதுப்பிப்புக் குறிப்பு இங்கே ஒரு கலந்துரையாடல்.

இதைப் பொற்காலம் ஆக்க வேண்டியதில்லை. ஆங்கிலமும் கணிப்பொறியும் கைக்கெட்டிய ஒரு சிறு கூட்டத்தின் ஜனநாயகம் அது. கோடிக்கணக்கான பேர் உள்ளே வந்தபோது அந்த உரையாடல் விரிந்திருக்க வேண்டும். நடந்தது வேற. 2008 செப்டம்பரில் வந்த கூகுள் குரோம் கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 செயலிகளைத் தானாகவே புதுப்பிக்கத் தொடங்கியது. பெரிய மாற்றங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சின்னத் திருத்தங்களுக்குப் பொதுவான வாசகம் போதும் என்கிறது ஆப் ஸ்டோரின் விதி. எது பெரிசு, எது சின்னது என்று முடிவு செய்வது யார்? படிப்பவர் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

இதன் விளைவு 2017இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 உடனிருந்த குறிப்பு பிழைத் திருத்தங்களையும் பாதுகாப்பையும் பற்றிப் பேசியது. பிறகு மின்சக்தி மேலாண்மை பற்றி ஒரு வரி சேர்த்தார்கள். பேட்டரி தேய்ந்த பழைய ஐஃபோன்கள் திடீரென்று அணையாமலிருக்க அவற்றின் வேகத்தைக் குறைக்கிறோம் என்று அதில் இல்லை. டிசம்பரில் ஜான் பூல் வேகச் சோதனை முடிவுகளை வெளியிட்ட பிறகுதான் ஆப்பிள் ஒத்துக்கொண்டது. டிசம்பர் 28 அன்று மன்னிப்பும் கேட்டது. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணம் 29 டாலர் ஆனது. அதுவரை, ஃபோனுக்கு வயசாயிடுச்சு என்று நினைத்துப் புதுசு வாங்கினவர்கள் உண்டு. பேட்டரி மாற்றினாலே போதும் என்ற ஒற்றை வரி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2020 பிப்ரவரியில் பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. குற்றம் வேகத்தைக் குறைத்தது அல்ல, அதைச் சொல்லாமல் விட்டது என்பது கவனத்துக்குரியது.

அப்படியானால் எல்லாப் புதுப்பிப்பையும் நம் சம்மதத்துக்கு விட்டுவிடலாமா? அதே 2017இன் மே 12 அன்று வான்னாக்ரை தாக்குதல் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளை முடக்கியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பல கணிப்பொறிகளில் அது போடப்படவில்லை. புதுப்பிக்காமல் இருப்பதன் விலையை அங்கே நோயாளிகள் கொடுத்தார்கள். எனவே சிக்கல் தானியங்கிப் புதுப்பிப்பு அல்ல. நம்பி ஏற்றுக்கொள் என்று கேட்கிறவர், நம்பத் தகுந்த விதத்தில் பேசுகிறாரா என்பதே சிக்கல். ஒருமுறை மறைத்த குறிப்பு, அடுத்த அவசரத் திருத்தத்தையும் சந்தேகிக்க வைக்கிறது.

2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3 பேட்டரியின் நிலையைக் காட்டியது. வேகக் குறைப்பை நிறுத்தும் வசதியும் தந்தது. அதை ஆப்பிளின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வழக்குப் போட்டும் சத்தம் போட்டும் பிடுங்கியது அது. என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது, வேண்டாமென்றால் என்ன செய்யலாம்? க்னூ விதிகள் நிரல் எழுதுகிறவருக்குக் கொடுத்த மரியாதையை நிரல் தெரியாதவருக்கும் கேட்பதென்றால், இந்த மூன்று கேள்விகளிலிருந்து தொடங்கலாம்.