ஃபென்டானில் ஒட்டுப்பட்டை

தீராத கடும் வலிக்குத் தோலில் ஒட்டி, 72 மணி நேரத்துக்கொருமுறை மாற்றப்படும் ஓபியாய்டு மருந்து. இதன் வீரியம் பலருக்கும் தெரியும். மெதுவாக வேலை செய்வதிலுள்ள ஆபத்துதான் கவனிக்கப்படுவதில்லை. பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரமாகும். அதற்குள் பொறுமையிழந்து இன்னொன்றை ஒட்டினால் மூச்சு மந்தமாகி உயிரே போகலாம். கழற்றிய பிறகும் தோலடியில் தேங்கிய மருந்து பல மணி நேரம் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். காய்ச்சலும் வெந்நீர் ஒத்தடமும் மருந்து ரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் கூட்டும். எனவே ஓபியாய்டு பழகாத உடலுக்கும், அறுவைக்குப் பிந்தைய தற்காலிக வலிக்கும் இது கூடாது. இவ்வளவு அபாயமென்றால் தவிர்த்துவிடலாமே என்று கேட்பார்கள். மாத்திரை விழுங்க முடியாத புற்றுநோயாளியைத் துடிக்கவிடுவது அதற்குத் தீர்வாகாது. பயன்படுத்திய பட்டையிலும் குழந்தையைக் கொல்லுமளவு மருந்து மிஞ்சியிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, மருந்தாளுநர் சொல்லும் முறையில் உடனே அப்புறப்படுத்துங்கள்.